கடைசியாக வருபவரின் பத்து நிமிடம்

கூடத்து நடுவில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் சைக்கிளை நிறுத்தியிருந்தாள் வாலக்கா. இடது கை சீட்டைப் பிடித்திருக்க, வலது கை அதன் அடியிலிருந்த நட்டை ஸ்பானரால் தளர்த்திக்கொண்டிருந்தது. சீட்டுக் கம்பி துருவேறி இறுகியிருந்தது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாள். சீட்டை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி ஒரு விரற்கடை இறக்கினாள். அளவு நாடாவை வைத்துப் பார்த்தாள். இன்னும் இறங்க வேண்டும்.

"அண்ணி, காலைக் கொஞ்சம் நகர்த்துங்க. படிச்சிட்டிருக்கேன்" என்றாள் நாத்தனார். சோபாவில் உட்கார்ந்தபடியே குனிந்து, தரையில் கிடந்த செய்தித்தாளை அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"போன வாரப் பேப்பர்டி அது."

"இருக்கட்டும். இரங்கல் செய்தியில பாதி உங்க பாதத்துக்கு அடியில கெடக்கு. யார் போனாங்கன்னே தெரியல."

வாலக்கா காலை நகர்த்தினாள். நாத்தனார் படித்துவிட்டு, "தெரிஞ்சவங்க யாரும் இல்ல" என்று நிமிர்ந்தாள்.

அந்த சைக்கிள் வாலக்காவுடையது அல்ல, கிளப்புடையது. சைக்கிள் இல்லாமல் வருகிற புதியவர்களுக்காகக் கிளப்பில் இரவல் வண்டிகள் மூன்று உண்டு. வருகிறவர் தன் கால் நீளத்தை வெள்ளிக்கிழமையே அளந்து வாலக்காவுக்கு அனுப்பிவிட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அவள் சீட்டைச் சரிசெய்து, காற்றடித்து, பிரேக்கை இழுத்துப் பார்த்து வைப்பாள். நாளைக்கு வரப்போகிறவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். அளவோடு ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தாள்: "பள்ளிக்கூடம் முடிச்சதுக்கு அப்புறம் சைக்கிளைத் தொட்டதே இல்லை. பிரேக் இப்பவும் கையில்தானே இருக்கு?"

வாலக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. பள்ளி வேன் ஓட்டுகிறாள். காலையில் இரண்டு நடை, மத்தியானம் பாலர் வகுப்புக்கு ஒரு நடை, சாயங்காலம் இரண்டு. ஒரு நடைக்கு இருபத்திரண்டு பிள்ளைகள். லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்த கணவர் ஒன்பது வருடத்துக்கு முன்பு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதற்கும் முன்னால் நான்கு வருடம் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தார். குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, முதுகில் புண் வராமல் பார்ப்பது எல்லாம் வாலக்காதான். அந்த வேலையும் முடிந்து, கணவரும் போன பிறகு வீட்டில் மிஞ்சியது அவளும் நாத்தனாரும். நாத்தனார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு வங்கியில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை, நாள் முழுக்க இனிமையாகப் பேசிவிட்டு மிச்சமிருக்கிற காரத்தை வீட்டுக்குக் கொண்டுவருவாள். வாலக்கா நாற்பத்தெட்டு வயதில் கனரக ஓட்டுநர் உரிமம் எடுத்தாள். ஐம்பதில் டாக்டர் சர்க்கரை ஏறுகிறது என்றார். அந்த மாதமே சைக்கிள் கிளப்பில் சேர்ந்தாள்.

முதல் ரைடிலேயே அவளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. முன்னால் போனவர்கள் பின்னால் ஆள் இருக்கிறது என்று நினைத்தார்கள். பின்னால் யாரும் இல்லை. ரயில்வே கேட்டுக்கு அப்பால் டயர் பஞ்சரானது. ஒன்பது கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போய் நின்றாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். "இனிமே கடைசியில நான் வரேன்" என்றாள். "எனக்குப் பின்னால ஆள் இருந்தா அது உங்க கிளப் ஆள் இல்ல."

அன்றிலிருந்து அவள் வால். வயதுக்கு மரியாதையாக ஓர் அக்காவையும் சேர்த்துக்கொண்டார்கள்.

வாலின் வேலைக்கு ஒரு முறை வைத்திருந்தாள். அதைப் பள்ளி வேனிலிருந்து எடுத்தாள். வேனில் எல்லாப் பிள்ளைகளும் ஏறிய பிறகு தலை எண்ணுவாள், கணக்குச் சரியாக இருந்தால் கதவைச் சாத்துவாள், வேன் நகரும். கிளப்பில் ஐந்து கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் எல்லாரும் நின்று கூடுவார்கள். வாலக்கா கடைசி ஆளோடு வந்து சேர்வாள், தலை எண்ணுவாள், கழுத்தில் தொங்கும் விசிலை ஒரு முறை ஊதுவாள். எல்லாரும் வந்தாயிற்று, கிளம்பலாம் என்று அர்த்தம். ஆறு வருடத்தில் ஒருவரையும் வழியில் தொலைத்ததில்லை. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள்.

"நாளைக்கு எத்தனை பேராம்?" என்றாள் நாத்தனார்.

"ரெண்டு பேர். இந்தப் பொண்ணு. அப்புறம் ஓட்டல் சமையல்காரர் ஒருத்தர், சொந்த வண்டி வச்சிருக்காராம்."

"ரெண்டு பேரும் அடுத்த வாரம் வரலேன்னா?"

"நிறுத்திடுவாங்க."

விஷயம் அதுதான். கிளப்பில் ஞாயிறுதோறும் இரண்டு ரைடு. ஒன்று வேகமானவர்களுக்கு; இன்னொன்று புதியவர்களுக்கு. புதியவர்களைக் கூட்டிப்போக உறுப்பினர்கள் முறைவைத்துத் தங்கள் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு மாதத்தில் நான்கு புதியவர்கள் வந்தார்கள். நான்கு பேரும் ஒரே தடவையோடு சரி. முறை வருகிறவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கிளப் தலைவர் ஒரு பல் டாக்டர், சண்டை பிடிக்காதவர். அவர் வாலக்காவிடம் பதமாகத்தான் சொன்னார்: "இந்த வாரம் வர்றவங்க, முன்னாடி ஒரு தடவை வந்துட்டு நின்னுட்டவங்க, யாரா வேணா இருக்கட்டும். அடுத்த வாரத்துக்கு ரெண்டு பேரோட பேரை எழுதிக் கொடுங்க. திங்கக்கெழமை மத்தியானத்துக்குள்ள எனக்கு வந்துடணும். இல்லேன்னா கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம்."

கொஞ்ச நாள் என்று நிறுத்தியது எதுவும் அந்தக் கிளப்பில் திரும்பத் தொடங்கியதில்லை. நிறுத்திவிட்டால் வாலக்கா எங்கே போவாள் என்பதை டாக்டர் யோசிக்கவில்லை. வேகமான கூட்டத்தோடு அவளால் போக முடியாது. அவர்கள் மிதிக்கிற மிதிக்கு இவள் இரண்டாவது கிலோமீட்டரிலேயே தனியாளாகிவிடுவாள். ஆறு வருடமாக அவளுடைய ஞாயிற்றுக்கிழமை புதியவர்களின் பின்னால்தான் ஓடியது.

"நின்னுச்சுன்னா ஞாயித்துக்கெழமை பூரா நீங்க இங்க என்னைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க" என்றாள் நாத்தனார். "எனக்கு அது ஒத்துவராது."

"எனக்கு மட்டும் ஒத்துவருமா?"

"அதான் சொல்றேன். அந்த ரெண்டு பேரை எப்படியாவது பிடிச்சு வைங்க. ஏதாவது சாக்லேட் கொடுங்க."

"கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சாப்பிட்டுட்டுப் போயிடறாங்க."

வாலக்கா நட்டை முறுக்கி, சீட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். அசையவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நூலக வாசலில் ஆறு பேர் கூடினார்கள். முன்னால் போகிறவனுக்குக் கிளப்பில் ராக்கெட் என்று பெயர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, முப்பத்திரண்டு வயது, நல்ல பையன், ஆனால் பிரேக் பிடிக்கும்போதுகூட அவசரமாகப் பிடிப்பான். அவனோடு முறைக்கு வந்த உறுப்பினர்கள் இரண்டு பேர். அப்புறம் புதியவர்கள் இருவர். கடைசியில் வாலக்கா.

சமையல்காரர் கனத்த உடம்புக்காரர். தொடை இரண்டும் தூண். பத்து மணி நேரம் அடுப்பு முன்னால் நின்றே பழகியவர். சீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதே அவருக்குச் சலுகையாகத் தெரிந்தது. "உக்காந்துக்கிட்டே வேர்க்குது பாருங்க" என்று சிரித்தார்.

மருந்துக்கடைப் பெண்ணுக்கு முப்பத்தைந்து இருக்கும். இரண்டு குழந்தைகளை அவர்கள் அப்பாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வாலக்கா அவளைச் சீட்டில் ஏற்றிப் பெடலில் குதிகாலை வைக்கச் சொல்லி உயரம் பார்த்தாள். சரியாக இருந்தது.

"முன்னாடி போறவங்க கையைத் தரைப் பக்கம் காட்டினா பள்ளம்னு அர்த்தம். கையைப் பார்க்காதீங்க, தரையைப் பாருங்க. பயமா இருந்தா இறங்கிடுங்க. உங்களுக்குப் பின்னால நான் இருப்பேன். என்னைத் தாண்டி யாரும் பின்தங்க முடியாது."

"நீங்க வேகமா போயிட்டா?"

"எனக்கு வேகமா போகத் தெரியாதும்மா. அதுக்குத்தான் இந்த வேலையே கொடுத்திருக்காங்க."

கிளம்பினார்கள். தொழிற்சாலைச் சாலை அந்நேரத்தில் காலியாக இருக்கும். முதல் இரண்டு கிலோமீட்டர் அந்தப் பெண் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிட்டது போல ஓட்டினாள். "தோளை இறக்குங்க" என்று பின்னாலிருந்து வாலக்கா சொன்னாள். இறக்கினாள். மறுபடி ஏறியது. மூன்றாவது கிலோமீட்டரில் முன்னால் போன நான்கு பேரும் ஒரு புள்ளியாகி, திருப்பத்தில் மறைந்தார்கள்.

முதல் நிறுத்தம் தண்ணீர்த் தொட்டி. அங்கே இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மற்ற நால்வரும் நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சமையல்காரர் வாழைப்பழத்தை உரித்து முடித்துத் தோலைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். வாலக்கா எண்ணினாள். ஆறு. விசிலை ஊதினாள். நால்வரும் எழுந்து வண்டியை எடுத்தார்கள். மருந்துக்கடைப் பெண் தரையில் ஒரு காலை ஊன்றி நின்றாள், பிறகு அவர்கள் பின்னால் மிதித்தாள்.

இரண்டாவது நிறுத்தம் ரயில்வே கேட். இந்தத் தடவை அவர்கள் எட்டு நிமிடம் காத்திருந்தார்களாம். ராக்கெட் கடிகாரத்தைக் காட்டிச் சொன்னான், குறையாக அல்ல, தகவலாக. சமையல்காரர் சட்டையைக் கழற்றி உதறி மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். மருந்துக்கடைப் பெண் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள். வாலக்கா எண்ணினாள். ஆறு. ஊதினாள். அந்தப் பெண் பாட்டிலை வாயில் வைக்காமலே மூடினாள்.

அதை வாலக்கா பார்க்கவில்லை. அவள் கண் தலைகளின் மேல் இருந்தது.

கேட்டைத் தாண்டினால் கால்வாய்க் கரை. அங்கே சின்ன ஏற்றம் ஒன்று, பெரிதாக ஒன்றும் இல்லை. பாதி ஏற்றத்தில் மருந்துக்கடைப் பெண் இறங்கிவிட்டாள். இறங்கியது சரியாகக்கூட இல்லை. வண்டி ஒரு பக்கம் சாய, அவள் இன்னொரு பக்கம் கரையோரக் கல்லில் உட்கார்ந்தாள். வாலக்கா தன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. நெற்றி வியர்வை நின்றுபோயிருந்தது. விரலைப் பிடித்துப் பார்த்தாள், சில்லென்றிருந்தது. ஒரு சாக்லேட்டைப் பிரித்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

"தண்ணி மொதல்ல. ஒரு வாய். நிறுத்துங்க. இன்னொரு வாய்."

பாட்டில் நிறைந்தே இருந்தது. பத்து கிலோமீட்டர் வந்தும் பாட்டில் நிறைந்திருந்தது.

"ஏம்மா குடிக்கவே இல்ல?"

அந்தப் பெண் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் வாலக்கா ஒன்று கற்றிருந்தாள்: இப்படிப்பட்டவர்களிடம் இரண்டாவது தடவை கேட்கக் கூடாது. பக்கத்தில் சும்மா உட்கார வேண்டும். உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் போயிருக்கும். அந்தப் பெண்ணின் உதட்டில் நிறம் வந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா நெனைக்கக் கூடாது."

"மூச்சு வாங்கிட்டுச் சொல்லுங்க."

"அதைத்தான் சொல்ல வந்தேன். மூச்சு வாங்க நேரமே இல்ல."

"மெதுவாத்தானேம்மா வந்தோம்?"

"மெதுவாத்தான் வந்தோம். ஆனா எங்கயும் நிக்கலையே. அவங்க நின்னாங்க. சமையல்காரர் பழம் சாப்பிட்டாரு, சட்டையை உதறினாரு, பக்கத்துல இருந்தவர்கிட்ட கதை பேசினாரு. நான் வந்து காலைக் கீழ வச்சேன், நீங்க விசில் அடிச்சீங்க. அவங்க கிளம்பிட்டாங்க. மறுபடியும் வந்தேன், பாட்டிலைத் திறந்தேன், விசில் அடிச்சீங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள். "எனக்காக எல்லாரும் காத்திருக்காங்கன்னு தெரியுது. அப்போ நான் போய், இருங்க, தண்ணி குடிக்கணும்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

வாலக்கா கழுத்தில் தொங்கிய விசிலைக் குனிந்து பார்த்தாள்.

வேனில் கடைசியாக ஏறுகிற பிள்ளை ஓடி வந்து ஏறும். மூச்சு இரைக்கும். கதவு சாத்தியதும் இருக்கையில் பொத்தென்று விழும். பள்ளிக்கூடம் வரை அதற்கு ஓய்வு. அதனால் கடைசிப் பிள்ளை ஏறியதும் வண்டியை எடுப்பதில் தப்பில்லை. சைக்கிளில் கடைசி ஆளுக்கு எந்த இருக்கை? இருக்கிற ஒரு சீட்டும் மிதிக்கிற சீட்டு. நல்ல கால்காரர்களுக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டு நிமிடம், பத்து நிமிடம். யாருக்கு ஓய்வு வேண்டுமோ அவர் வந்து சேர்கிற நொடியில் அவள் விசிலை எடுத்து ஊதி எல்லாரையும் துரத்திவிட்டிருக்கிறாள். அவளுக்கும் ஓய்வு கிடைக்கவில்லைதான்; ஆனால் அவளுக்கு அந்த வேகம் ஆறு வருடப் பழக்கம், வலிக்கவில்லை. வலிக்காததால் தெரியவில்லை.

நான்கு பேர் திரும்பி வராததற்கு அவள் என்னென்ன காரணமோ சொல்லி வைத்திருந்தாள். சோம்பல், வெயில், வீட்டு வேலை, ராக்கெட்டின் அவசரம். தன் விசிலை அந்தப் பட்டியலில் சேர்க்கத் தோன்றவே இல்லை.

"இதுல தப்பா நெனைக்க என்ன இருக்கு" என்றாள் கடைசியில். "ஆறு வருஷமா யாரும் சொல்லலையேன்னு பார்க்கிறேன்."

"சொல்ற அளவுக்கு மூச்சு இருந்திருக்காதுக்கா."

வாலக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏற்றத்தின் மிச்சத்தை ஏறினார்கள்.

மூன்றாவது நிறுத்தம் பாலம். நால்வரும் எழுந்து நின்றே காத்திருந்தார்கள். இருபது நிமிடமாம். இவர்கள் வருவதைப் பார்த்ததும் ராக்கெட் தலைக்கவசத்தை மாட்டினான். வாலக்கா எண்ணினாள். ஆறு. சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்தாள். கையுறையைக் கழற்றினாள். மருந்துக்கடைப் பெண்ணுக்குப் பக்கத்தில் திட்டில் உட்கார்ந்தாள்.

ராக்கெட் பார்த்தான். "அக்கா, விசில்?"

"வரும்."

"எப்போ?"

"பத்து நிமிஷம் கழிச்சு."

"யாருக்காவது அடிபட்டுச்சா?"

"இல்ல. உக்காரு."

அவன் உட்காரவில்லை. "ஒன்பது மணிக்குள்ள முடிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஏற்கெனவே இருபது நிமிஷம் நின்னாச்சு."

"நீ நின்ன. இவங்க நிக்கல."

"நாங்க நின்னதே இவங்களுக்காகத்தானேக்கா?"

"நின்னீங்க. வந்ததும் ஓடிட்டீங்க."

"நீங்கதான் விசில் அடிச்சீங்க." ராக்கெட் இதைச் சண்டையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

"ஆமா" என்றாள் வாலக்கா. "அடிச்சது நான்தான். உன் மேல தப்பே இல்ல. இத்தனை நாளா தப்பா அடிச்சிருக்கேன். இன்னிலேருந்து கடைசி ஆள் வந்து பத்து நிமிஷம் ஆனாத்தான் விசில்."

ராக்கெட் கொஞ்ச நேரம் யோசித்தான். காப்பீட்டு அலுவலகத்துக்காரன் மூளை. கணக்குப் புரிந்தால் போதும். "அப்போ ஃபர்ஸ்ட் வர்றவங்களுக்கு முப்பது நிமிஷம் ஆகுமே."

"ஆகும். அவ்வளவு நேரம் சும்மா நிக்கப் பிடிக்கலேன்னா மெதுவா வாங்க."

சமையல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "தம்பி, நல்ல ஆளுகிட்ட மாட்டினீங்க. எங்க ஓட்டல்லயும் இதே கதைதான். பரிமாறுறவன் கடைசியில சாப்பிட உக்காருவான், அப்பத்தான் மேனேஜர் டேபிளைத் துடைக்கச் சொல்லுவாரு."

மருந்துக்கடைப் பெண் பாட்டிலில் பாதியைக் குடித்தாள். காலணியைக் கழற்றி விரல்களை நீட்டி மடக்கினாள். ராக்கெட் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுழற்றி, பிரேக் ஒரு பக்கம் உரசுகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தான். இரவல் வண்டியின் பிரேக்கை முந்தின நாள் சரிபார்த்தவள் வாலக்காதான். அதையும் கோட்டை விட்டிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நல்ல நாளாக இல்லை. பத்து நிமிடம் கழித்து விசில் ஊதினாள்.

மிச்சம் ஐந்து கிலோமீட்டர். யாரும் மறையவில்லை, முன்னால் போனவர்களின் முதுகு கடைசி வரை தெரிந்தது. நூலக வாசலில் வந்து நின்றபோது மணி ஒன்பதரை.

அடுத்த வாரம் வருகிறவர்கள் பெயர் எழுதவேண்டிய தாளை வாலக்கா நூலகத் திண்டின்மேல் வைத்துப் பேனாவையும் வைத்தாள். சமையல்காரர் எழுதிவிட்டு, "பழம் அரை டஜன் கொண்டாரேன்" என்றார். மருந்துக்கடைப் பெண் பேனாவை எடுத்தாள், தாளைப் பார்த்தாள், வைத்துவிட்டாள்.

"இப்போ எழுதினா வெக்கத்துக்காக எழுதின மாதிரி ஆகும். நாளைக்கு உடம்பு என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டுச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க" என்றாள் வாலக்கா. வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல நாக்கு துறுதுறுத்தது. நான்கு வருடம் நோயாளியோடு இருந்தவளுக்குத் தெரியும், களைத்துக் கிடக்கிறவரிடம் வாக்கு வாங்குவது நல்ல காரியமல்ல.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் பாதியில் குறுக்கிடாமல் கேட்டாள். அதுவே வழக்கத்துக்கு மாறு.

"ஆக, அந்த நாலு பேரையும் ஓடவச்சது நீங்க."

"ஆமா."

"விசில் ஊதி."

"ஆமாங்கறேன்ல."

"ராக்கெட்டைத் திட்டிக்கிட்டே இருந்தீங்களே அண்ணி, பாவம்." நாத்தனார் தட்டை நகர்த்தினாள். "எங்க பேங்க்ல ஒருத்தர் லைன்ல காத்துக்கிட்டே இருப்பாரு. நான் எடுத்ததும், சொல்லுங்க சொல்லுங்கன்னு அவசரப்படுத்துவேன். அவரு என்ன கேக்க வந்தாருன்னே மறந்துடுவாரு. அப்புறம் நானே, கேள்வியே இல்லாம கூப்பிடறாங்க பாருன்னு பக்கத்து சீட்ல சொல்லுவேன்." சற்று நேரம் கழித்து, "அந்த நாலு பேர் நம்பர் இருக்கா?" என்றாள்.

"இருக்கு. ஆனா திரும்ப வாங்கன்னு கெஞ்ச மாட்டேன்."

"யாரு கெஞ்சச் சொன்னா? காலு வலிச்சதுக்குத் தன் உடம்புதான் லாயக்கில்லேன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாங்க. அது பொய்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல."

மறுநாள் திங்கட்கிழமை. காலை இரண்டு நடையும் முடிய எட்டே முக்கால் ஆயிற்று. வாலக்கா வேனைப் பள்ளிக்கூட மதிலோரம் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு எண்ணாகப் போட்டாள்.

முதல் எண் ஓர் எழுதுபொருள் கடைக்காரப் பெண்ணுடையது. எடுக்கவில்லை.

இரண்டாவது ஒரு பிளம்பர். கேட்டுவிட்டு, "சைக்கிளை வித்துட்டேனேம்மா. விக்கிறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல" என்றார். கோபமில்லை. பின்னால் குழாய் கொட்டும் சத்தம் கேட்டது.

மூன்றாவது ஒரு கல்லூரி ஆசிரியர். மரியாதையாகக் கேட்டார், நன்றி சொன்னார், தனக்கு இப்போது நீச்சல் பிடித்துவிட்டது என்றார். "அங்கே யாரும் விசில் ஊதறதில்லை" என்று சேர்த்துக்கொண்டார். வாலக்கா அதை வாங்கிக்கொண்டாள்.

நான்காவது ஒரு முடிதிருத்துபவர். திங்கட்கிழமை அவர் கடைக்கு விடுமுறை; தூங்கி எழுந்த குரல்.

"யாரு, விசில் அம்மாவா?"

"ஆமா. ஒரு விஷயம் சொல்லணும். வரச் சொல்லிக் கூப்பிடல." சொன்னாள். சுருக்கமாக, தன் தப்பு எதுவென்று மட்டும்.

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. "நான் பாதியில திரும்பிட்டேன்னு வீட்டுல சொல்லவே இல்லம்மா. மழை வந்துச்சுன்னு சொல்லிட்டேன். எனக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"எத்தனை வயசு?"

"நாப்பத்தொண்ணு."

"நல்லா இருக்கு போங்க."

அவர் சிரித்தார். பிறகு, "பத்து நிமிஷம்னீங்களே. யாரு வந்ததுலேருந்து பத்து நிமிஷம்?" என்று கேட்டார்.

"கடைசியா வர்றவங்க வந்ததுலேருந்து."

"அப்போ நான் வந்ததுலேருந்துதான். சரி, ஞாயித்துக்கெழமை எத்தனை மணிக்கு?"

"ஆறு. நூலக வாசல்."

பத்தரை மணிக்கு மருந்துக்கடைப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, உட்கார முடியல. கடையில நின்னுக்கிட்டே இருக்கேன். இந்த வாரம் வேண்டாம். அதுக்கு அடுத்த வாரம் என் பேரை எழுதிக்கோங்க." வாலக்கா அதற்கு ஒரு களிம்பின் பெயரை அனுப்பினாள். மருந்துக்கடையிலேயே வேலை பார்ப்பவளுக்குக் களிம்பு சொல்கிறோமே என்று அனுப்பிய பிறகுதான் தோன்றியது.

தாளில் சமையல்காரர் பெயருக்குக் கீழே முடிதிருத்துபவர் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே, "நிறுத்தத்தில் கடைசி ஆள் வந்த பிறகு பத்து நிமிடம். இதுவரை நடந்த தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பதினொன்றரைக்கு பல் டாக்டரின் மருத்துவமனை முன்னால் வேனை நிறுத்தி இறங்கினாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண், "டாக்டர் கை வேலையா இருக்காரு, உக்காருங்க" என்றாள்.

"உக்கார நேரமில்ல, பாலர் வகுப்பு விட்டுடும். யாரோட வாயிலயோ இருக்கிற கை வெளிய வந்ததும் இதைக் கொடுத்துடு. பன்னெண்டு மணிக்குள்ள கொடுக்கணும்."

தாளை மேசைமேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அங்கிருந்த பல் வார்ப்பு ஒன்றை அதன்மேல் வைத்துவிட்டு வேனுக்குப் போனாள்.